அப்பா விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியை என்ன செய்வது?

தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காப்பித் தோட்டம் வைத்திருந்த அவருடைய அப்பா சென்ற ஐப்பசியில் காலமாகிவிட்டார். அவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி தோல் உறையோடு அலமாரிக்கு மேலே கிடக்கிறது. ஒரு தகர டப்பாவில் 7 தோட்டாக்கள் இருக்கின்றன. உரிமப் புத்தகத்தில் இன்னும் 2 ஆண்டு பாக்கி. "லைசென்ஸ்தான் முடியவில்லையே, இருக்கட்டும்" என்கிறாராம் கோவையில் இருக்கும் தம்பி. பன்றித் தொல்லை பொறுக்காத பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு நாளைக்கு இரவல் கேட்கிறார். வீட்டில் 6 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள். வைத்துக்கொள்ளலாமா, தன் பெயருக்கு மாற்ற முடியுமா, வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் இரவல் விஷயம். கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். வாங்கியவரும் கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பன்றியைச் சுடுவது தனி வழக்கு. வனத்தை ஒட்டிய ஊர்களில் விவசாயி படும் பாடு எனக்குத் தெரியும். ஒரே இரவில் ஒரு பாத்தி முழுவதும் உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். ஆனாலும் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வந்துவிடாது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்குத் தமிழக அரசு 2025இல் போட்ட ஆணையும் வனத்துறை ஆட்களுக்குத்தான், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான்.

அடுத்தது தம்பி சொன்னது. அந்தத் தவறை எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, துப்பாக்கிக்கு அல்ல. அப்பா கண்மூடிய அன்றே அது முடிந்துவிட்டது. புத்தகத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் இன்று உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கிதான். என் அப்பா போனபோது எட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு இது உறைத்தது. ஒப்படைக்கப் போன இடத்தில், எழுத்தராக இருந்த காவலர் ஏன் இவ்வளவு நாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பிற்பாடு நானே கலெக்டர் ஆபீசில் உரிமப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் இதே குழப்பத்தோடு வந்த குடும்பங்கள்தான்.

இந்த நிலைக்கு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வழி சொல்லியிருக்கிறது. தேவையில்லாமல் தாமதிக்காமல், பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் பெயரில் உரிமம் வந்ததும் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குறித்த காலத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் அரசுக்குப் போய்விடும்.

நீங்களே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை, துப்பாக்கியைக் கையாண்டு பழக்கமில்லாதவர் அதைத் தொடவே வேண்டாம். பழகியவர் வீட்டில் இருந்தால், குழலை ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடித்து, லீவரைத் தள்ளி மடக்கி, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஒன்றில் பார்த்தால் போதாது, இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதி எல்லாம் போட்ட ரசீதை அன்றே வாங்குங்கள். உரிமப் புத்தகத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள்.

இனி உரிமத்தை உங்கள் பெயருக்கு வாங்குவது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர இடமுண்டு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தம்பியும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தரும் பிரமாணப் பத்திரம், மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று ஆகியவற்றோடு திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். கொடுத்தால் 5 ஆண்டுக்கு உரிமம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

மலையில் இன்னொரு படியும் உண்டு. பலருக்கு இது தெரியாமல் கோப்பு மாதக்கணக்கில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவு வேண்டும். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அப்பா உரிமம் வாங்கிய காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்கள் பெயரில் வருவது புது உரிமம்தான். ஆகவே வீட்டின் சர்வே எண்ணைப் போட்டு, சரணாலய எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவும் எழுத்துமூல அனுமதி தேவை, ரோட்டில் கடந்துபோவதற்குக்கூட. முதுமலையைத் தாண்டிப் போய்வரும் மசினகுடிக்காரர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். அப்புறம், குடகில் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவையில்லையாமே என்று கூடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். அந்த விலக்கு குடகு மாவட்டத்துக் கொடவ இனத்தாருக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் உள்ளவர்களுக்கும் மட்டும்தான்.

அப்பா இன்னும் இருக்கும் வீட்டார் யாராவது இதைப் படித்தால்: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசைச் சொல்லி மாற்ற விண்ணப்பிக்கலாம். அவரே வந்து கையெழுத்துப் போடும்போது பாதி வேலை குறைந்துவிடும்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் தாத்தா துப்பாக்கியைக் கதவுக்கு மேல் இரண்டு ஆணியில் மாட்டியிருப்பார். என் தம்பிக்கு அப்போது 9 வயது. முக்காலி போட்டு ஏறி எடுத்து விசையை இழுத்தான். இடது குழலில் ஒரு தோட்டா இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஓடு பொத்துக்கொண்டு வானம் தெரிந்தது. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தாள். குழல் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. உயரத்தில் வைத்தால் பத்திரம் என்று நம்பாதீர்கள், உங்கள் அலமாரி மேல்தட்டும் அதே கதைதான்.

உரிமம் வந்து துப்பாக்கி திரும்பியதும், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களை வேறு அறையில், வேறு பூட்டில் வையுங்கள். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் இருக்கக் கூடாது. இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்றாகக் கழலும். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டை மட்டும் தனியே பூட்டி வைத்தால், மீதி கிடைத்தவரால் அதை ஒன்றாகப் பொருத்திச் சுட எளிதில் முடியாது.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தாண்டிக்குடி மாதிரி மூடுபனி ஊரில் தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டவைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் உறைக்குள்ளேயே துரு பூத்திருக்கும். எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். நிறுத்தி வைப்பதானால் குழல்வாய் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கிக் கட்டை மரத்தை ஊறவைத்துவிடும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். கணப்பு இருக்கும் அறை வேண்டவே வேண்டாம்.

அந்த 7 தோட்டாக்களையும் துப்பாக்கியோடு சேர்த்து எண்ணிக் கொடுத்துவிடுங்கள். பித்தளை பச்சை பிடித்திருந்தாலும், அட்டை ஊதியிருந்தாலும் அடுப்பில் போடுவதோ கிணற்றில் எறிவதோ கூடாது. நிலையத்துக்குச் சொல்லும் முன் அப்பாவின் குளிர்கோட்டுப் பைகளையும், காப்பிக் கிடங்கின் ஜன்னல் திட்டையும், ஜீப்பின் முன்பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எட்டாவது மாதம் கிடைத்த தோட்டா ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது.