குளிசை போடுற பிள்ளை சாப்பிடேல்லை எண்டா

தங்கச்சி, கிளிநொச்சியால வந்து ஒரு வரியம்தான், ஏழு வயசு மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்தில நிக்காம துருதுருவெண்டு இருக்கிற நிலை எண்டு டொக்டர் கொன்சேர்ட்டா எண்ட குளிசை எழுதியிருக்கிறார், லஞ்ச் பொக்ஸ் திறக்காமலே திரும்பி வருது, ராவில நித்திரையில்லை, ஊரில இருந்து அம்மா நிப்பாட்டச் சொல்லி அழுறா எண்டு கேட்டிருந்தீங்கள். நான் முள்ளியவளை, கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து பதினெட்டு வரியம், என்ர மூத்தவனும் இதே குளிசையோடதான் வளர்ந்தவன். நீங்களா நிப்பாட்டாதேங்கோ, டொக்டருக்குச் சொல்லாம பேசாம இருக்கவும் வேண்டாம்.

மத்தியானப் பசியை மருந்துதான் அடக்குது, பிள்ளை அடம்பிடிக்கேல்லை. நானும் முதல் மாசம் தெரியாமத் தீத்தித் தீத்தி அவன் ஓங்காளிக்கிறதைப் பாத்து அழுதிருக்கிறன், பிறகுதான் நேரத்தை மாத்தினன். காலமை குளிசைக்கு முதல் வயிறு நிறைய, புட்டும் முட்டையும், இல்லாட்டி நல்லெண்ணெய் விட்டு உழுத்தங்களி. மத்தியானம் ரெண்டு வாய் போனாக் காணும். கொன்சேர்ட்டா பன்ரண்டு மணித்தியாலம் வரை நிக்கும், பின்னேரம் அது இறங்கத்தான் பசி வரும், அப்ப சோறு, படுக்க முதல் திரும்பவும் பாலும் வாழைப்பழமும். எங்கட எருமைத்தயிர் இங்க எங்க கிடைக்கிறது, கொழுப்புக் கூடின தயிராப் பாத்து வாங்குங்கோ.

மருந்து இறங்கிற நேரம் சும்மா அழுவான், சன்னதம் ஆடுவான், அப்ப ஹோம்வேர்க்கோட போய் நிக்காதேங்கோ.

நித்திரைக்கு, சனி ஞாயிறும் குளிசையைக் காலமை ஏழு மணிக்கே குடுங்கோ, பிந்தினா ராவும் பிந்தும். உடைக்காம சப்பாம முழுசா விழுங்கோணும். மலத்தோட கோது வந்தாப் பயப்பிடாதேங்கோ, மருந்து உடம்பில சேந்திட்டுது, வாறது வெறும் கோதுதான்.

மாசம் ஒருக்கா நிறை, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா உயரம், ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. சாப்பிடுறானில்லை எண்டு வாயால சொன்னதை விட அந்தக் கொப்பியைப் பாத்தாப்பிறகுதான் டொக்டர்மார் எங்களுக்கு மருந்தின்ர அளவைக் குறைச்சவை. அதுவும் சரிவராட்டி அற்றொமொக்செற்றின் மாதிரி வேற மருந்தும் இருக்கு. கண்ணை வெட்டி வெட்டி இழுத்தா, சிரிப்பே இல்லாமப் பொம்மை மாதிரி இருந்தா அடுத்த அப்பொயின்மென்ற் வரை இருக்காதேங்கோ. நெஞ்சு நோ, மயக்கம் எண்டா நேர எமேர்ஜென்சிதான்.

அம்மாவோட கோவிக்காதேங்கோ. குழப்படி எண்டு பூவரசந்தடியால அடி வாங்கின எங்கட ஊர்ப் பிள்ளையளில எத்தினை பேருக்கு இதுதான் இருந்திருக்கும் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு நோகுது. நீங்கள் ராச்சாப்பாடு குடுக்கிற நேரம் அங்க விடியப்போகுது, அம்மா எழும்பியிருப்பா, வீடியோவில அவன் சாப்பிடுறதைக் காட்டுங்கோ.