மெனோபாஸ் க்ரீம் செட் வாங்கலாமா, டாக்டரைப் பார்க்கலாமா?

கேட்டவருக்கு 49 வயது. கடைசி மாதவிடாய் வந்து 8 மாதம் ஆகிறது. முகமும் கைகால்களும் வறண்டு அரிக்கின்றன, தாடையில் பரு, ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது. மெனோபாஸ் சருமத்துக்கென்று விற்கும் ஐந்து பொருள் செட்டை வாங்கலாமா, டாக்டரிடம் போகலாமா என்பது கேள்வி.

செட் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். க்ரீமே கூடாது என்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். க்ரீம் தேவைதான், அதன் மேல் மெனோபாஸ் என்று அச்சடித்திருக்கத் தேவையில்லை. இந்த மாதிரி செட்களின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் கிளிசரின், ஹையலூரானிக் ஆசிட், நியாசினமைடு, கூடவே கொஞ்சம் வாசனை. வாசனையை விட்டால் மற்றதெல்லாம் சாதாரண மாய்ஸ்ச்சரைசரிலேயே இருக்கிறது. பின்பக்கத்தைப் படிப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. வெள்ளெழுத்து வந்துவிட்ட வயதுக்காரர்களுக்கு விற்கும் பொருளில், வெள்ளிப் பூச்சின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்து. தெரியாமல் செய்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். நீங்கள் இன்னும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறீர்கள். கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருடம் வரை கருத்தடையைத் தொடர வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ ஆலோசனை. க்ரீம் பற்றிய பதிலில் இது எதற்கு என்றால், கீழே சொல்லப் போகும் ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, மேல் அடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் செராமைடு என்ற கொழுப்பு குறைகிறது, உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் வெளியேறுகிறது. வறட்சியும் அரிப்பும் அதனால்தான். பெண் உடம்பிலும் சுரக்கும் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் அதே வேகத்தில் குறைவதில்லை. அதன் கை ஓங்குவதால் தாடையில் பரு, மோவாயில் முடி, தலையில் வகிட்டோரம் முடி மெலிவது எல்லாம் வரும். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் மெனோபாஸுக்குப் பின் முதல் 5 வருடத்தில் ஏறக்குறைய 30% வரை குறையலாம். கொலாஜன் இருப்பது உள் அடுக்கில். மேலே தடவும் கொலாஜன் க்ரீம் அங்கே போய்ச் சேராது, அந்த மூலக்கூறு அவ்வளவு பெரியது. ஈரம் காக்கும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை மூன்று. சோப்புக்குப் பதில் நுரை குறைந்த, வாசனையில்லாத க்ளென்சர். சாதாரண சோப்பின் பிஹெச் 9, 10 வரை போகும். தோலுக்கு உகந்தது 5.5-ஐ ஒட்டியது. உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டியதில்லை, அக்குள், தொடை இடுக்கு, பாதம் போதும். இரண்டாவது, செராமைடும் கிளிசரினும் உள்ள கெட்டியான மாய்ஸ்ச்சரைசர். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த பிறகு எவ்வளவு விலையுயர்ந்ததைப் போட்டாலும் பலன் குறைவுதான். முழங்கால், குதிகாலுக்கு 10% யூரியா உள்ளது நல்லது, ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் எரியும். எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு: எண்ணெய் ஈரத்தை மூடி வைக்கும், ஈரத்தைக் கொடுக்காது. மாய்ஸ்ச்சரைசருக்கு மேல் தடவினால் பிரயோஜனம்.

மூன்றாவது சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அதில் கால்வாசி தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். வேர்த்துக் கொட்டுபவர்கள் அதற்கும் முன்னதாக. மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ளதை வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை.

சுருக்கத்துக்கு உண்மையிலேயே ஆதாரம் உள்ள பூச்சு ரெட்டினாய்டு. தாடைப் பருவுக்கும் அதுவே கேட்கும். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் கூடாது, அதனால்தான் மேலே அந்தப் பேச்சு. டாக்டர் ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் 0.025% எழுதிக் கொடுத்தால் இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய 20 நிமிடம் விட்டு, முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் முதலில் வாசலின் தொட்டுவிடுங்கள், மருந்து வழிந்து தங்கிப் புண்ணாவது அங்கேதான். இந்த வயதுத் தோலுக்கு மாய்ஸ்ச்சரைசர், மருந்து, மறுபடி மாய்ஸ்ச்சரைசர் என்று அடுக்கினால் எரிச்சல் குறையும். பரு அடங்க 12 வாரம், சுருக்கத்துக்கு 6 மாதம். மூன்றாம் வாரம் தோல் உரிகிறது என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். அப்போது சில இரவு கூடுதலாக இடைவெளி கொடுத்தால் போதும். கர்ப்ப சந்தேகம் இருப்பவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் 15% அல்லது 20% பாதுகாப்பான மாற்று.

கொஞ்சம் கோபமாக ஒன்று. மங்குக்கும் அரிப்புக்கும் சீட்டில்லாமல் கையில் திணிக்கப்படும் ட்யூபில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முகத்தில் ஒரு வாரத்தில் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, வெயிலில் நின்றால் எரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் தோலில் இதைப் போடச் சொல்பவர்களுக்கு மனசாட்சி வேண்டும். இப்போது போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கேட்கக் கூச்சப்படும் இடத்திலும் இதே வறட்சி வரும். எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. வேர்த்துக் கொட்டுவது சில வருடத்தில் தணியலாம், இது சிகிச்சை இல்லாமல் தானாகப் போவதில்லை. வாசனை வாஷ் எதுவும் வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும். பிறப்புறுப்புக்கான மாய்ஸ்ச்சரைசர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. வழுக்கலுக்கான லூப்ரிகன்ட் உறவின்போது மட்டும். இரண்டும் வேறு வேறு. ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் வகையைத் தொடக் கூடாது, லேடெக்ஸ் கிழியும். இதில் அடங்காவிட்டால் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன்: வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினம் இரவு, பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சில பெட்டிகளோடு வரும் தாளில், சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கையையே இதற்கும் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், அல்லது சரியாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். இரண்டிலும் வறட்சி திரும்பி வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அந்த இடத்தில் ராத்திரி அரிப்போடு தோல் வெள்ளையாகித் தாள் போலச் சுருங்கினால் அது ஈஸ்ட் தொற்றாக இல்லாமல், லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். பூஞ்சை மருந்தையே திரும்பத் திரும்பப் போட்டு வருடங்கள் வீணாகின்றன. வேடிக்கை என்னவென்றால் இதற்கு மருந்து நான் மேலே திட்டிய அதே கிளோபெட்டசால்தான், ஆனால் டாக்டர் பார்த்து, அளவு சொல்லி. கவனிக்காமல் விட்டால் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

வேர்த்துக் கொட்டுவதற்கு, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சைதான் முதல் வரிசை மருந்து. பலரும் அஞ்சுவது, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வைப் பார்த்து. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, கொடுத்தது மாத்திரை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கணக்கு வேறு. தோலில் போடும் பேட்ச், ஜெல் இரண்டும் ரத்தக் கட்டி ஆபத்தை மாத்திரை அளவுக்குக் கூட்டுவதில்லை. கர்ப்பப்பை இருந்தால் ப்ரொஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் உட்சுவர் தடிக்கும். ஜெல்லைக் கை அல்லது தொடையில் தடவி, காய்ந்த பின் உடை போடுங்கள். முகத்திலும் மார்பிலும் தடவக் கூடாது. அதே இடத்தில் உடனே சன்ஸ்கிரீன் போட்டால் மருந்து உறிஞ்சும் அளவு மாறும். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன: வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஃபெசோலினெட்டன்ட். கடைசி மருந்துக்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு மட்டும், வேர்ப்பதற்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பராக்ஸிடின் கூடாது, அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். ஹார்மோன் கம்பெனிக்கு விளம்பரமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தோல் அழகுக்காக மட்டும் யாரும் ஹார்மோன் எடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும்.

டாக்டரிடம் போகும்போது கடைசி மாதவிடாய்த் தேதி, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள், இப்போது தடவும் எல்லா ட்யூபும் கையில் இருக்கட்டும். கீழ்ப் பகுதிப் பிரச்சினையை எழுந்து வரும்போது சொல்லாமல் முதலிலேயே சொல்லுங்கள். 45-க்கு மேல் இந்த அறிகுறிகள் இருந்தால் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் ரத்த டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. முடி கொட்டினால் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு டெஸ்ட். ஒழுங்காக மாய்ஸ்ச்சரைசர் போட்டும் உடம்பெல்லாம் அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை டெஸ்ட். வயசானா அப்படித்தான் என்று அனுப்பிவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். 12 மாதம் கடந்த பிறகு உள்ளாடையில் லேசான ரத்தக் கறை பட்டாலும் மறுபடி மாதவிடாய் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பை உட்சுவரை அளக்க வேண்டும், 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.