கணக்கு ‘ஐந்தாம் வகுப்பு’ என்கிறது, ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவில்லையே?

கேள்வி: ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடநூலோடு கூடுதலாக வாசிக்கத் தரும் பத்திகளை இணையத்தில், எந்த வகுப்புக்கு ஏற்றது என்று சொல்லும் ஃபிளெஷ்–கின்கெய்டு கணக்கில் போட்டுப் பார்த்தே எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பு நிலை என்று வந்ததே பாதிப் பேருக்குப் புரியவில்லை. வேறு என்ன வழி?

பதில்: அந்தக் கணக்கு 1975-ல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை (சிலபிள்) என்று மட்டுமே எண்ணும். ‘ஹி ஹேட் டு புட் அப் வித் இட்’: ஏழு சொல், ஏழு அசை. விடை ஒன்றாம் வகுப்புக்கும் கீழே, மைனஸில் வரும். ஆனால் ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ‘பிளான்டேஷன்’ மூன்று அசை, கணக்குக்குக் கடினம். காபித் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வீட்டுச் சொல்.

முதலில் பத்தியிலிருந்து தொடர்ச்சியாக 100 சொல் எடுத்து, தெரியாதவற்றுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஆள், ஊர்ப் பெயர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டுக்குள் இருந்தால் தானே வாசிப்பார்கள். ஐந்து வரை உங்கள் துணையோடு ஓடும். பத்தைத் தாண்டினால் பத்தியை மாற்றிவிடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று காட்டுபவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. அடிக்கோடு போடாத ஐந்து சொற்களுக்குத் தமிழில் பொருள் கேட்டால் குட்டு வெளிப்படும்.

அதைவிட நம்பகமானது குளோஸ் தேர்வு, அதாவது பத்தியில் நீக்கிய சொற்களை மாணவர்களே நிரப்புவது. சுமார் 270 சொல் கொண்ட, அவர்கள் வாசித்திராத பத்தி வேண்டும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடாமல், நடுவே ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் நீக்கி 50 கோடிட்ட இடம் விடுங்கள். எல்லாக் கோடும் ஒரே நீளம். இல்லாவிட்டால் நீளத்தைப் பார்த்தே ஊகிப்பார்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். மூலத்தில் இருந்த அதே சொல்லுக்குத்தான் மதிப்பெண், எழுத்துப்பிழையை மன்னிக்கலாம். சரியானதை இரண்டால் பெருக்கினால் சதவீதம். தோராயமாக 60-க்கு மேல் தானே வாசிக்கலாம், 40-க்குக் கீழ் வேண்டாம், இடைப்பட்டது வகுப்பில் நடத்த ஏற்றது. ஒத்த பொருள் தரும் சொல்லை ஏற்றுக்கொண்டால் இந்த எல்லைகள் பொருந்தாது. இவை ஆங்கிலம் தாய்மொழியானவர்களை வைத்து வகுக்கப்பட்டவை. நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கறார்தான். 35 வந்தாலே தூக்கிப் போடாமல் இரண்டு பத்திகளை ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

பத்தியை எளிதாக்க நினைத்து ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ போன்ற இணைப்புச் சொற்களை வெட்டாதீர்கள். வாக்கியம் குறுகும், கணக்கும் இறங்கும். எது காரணம், எது விளைவு என்பது மறைந்துபோகும். அதற்குப் பதில் ஏழெட்டுச் சொற்களை முந்தின நாளே கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிவிடுங்கள்.