தோவாளைக் குளத்தில் கட்லா வாய் பிளப்பது

குளத்தில் வளர்க்கும் கட்லா மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, என்ன செய்வது என்று கேட்டீர்கள். தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். இரவு 2 மணியிலிருந்து வெயில் ஏறும்வரை மோட்டார் போட்டு, குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து திணறுகிறது, 8 மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் நோயல்ல, ஆக்சிஜன் குறைவு.

குளத்தில் உரமாகப் போட்ட சாணம் அதிகமாகித் தண்ணீர் கடும்பச்சையாகியிருக்கும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழை. மேகம் மூடிய நாட்களில் இன்னும் மோசம்.

வெயில் நேரத்தில் கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் சாணம் போடவே வேண்டாம்.

பகலிலும் திணறினால் கதை வேறு, நோயாக இருக்கலாம், மீனின் செவுளைத் திறந்து பாருங்கள். அப்புறம், யார் சொன்னாலும் தண்ணீரில் அம்மோனியா அளவு பார்க்காமல் சுண்ணாம்பு கொட்டாதீர்கள். சுண்ணாம்பால் தண்ணீரில் காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சு கூடும்.