தாய் வயிற்றுக் கணக்கு

கேள்வி: டி.வி.யில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் பார்க்கும்போது குதிரையின் அப்பா, தாத்தா பேச்சுதான் அதிகம். வம்சாவளிக்கு அவ்வளவு மதிப்பா?

பதில்: உண்டு. ஆனால் அம்மா யார் என்றும் கேளுங்கள். 2009 டெர்பி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டாட்டன்ஹாம் வளைவு திரும்பும்வரை முன்வரிசையில் அமைதியாக வந்த சீ தி ஸ்டார்ஸ் என்ற குதிரை, கடைசி நேர் ஓட்டத்தில் முந்திப் போனபோது சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். 2001-இல் அதே டெர்பியை ஜெயித்த கலிலியோ என்ற குதிரைக்கு அது தம்பி! அப்பா வேறு: கலிலியோவுக்கு சாட்லர்ஸ் வெல்ஸ், இதற்கு கேப் கிராஸ். அம்மா ஒன்றுதான், அர்பன் சீ. இரண்டு முறையும் ஜாக்கி மிக் கினேன்.

இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆண் குதிரையான பொலிகுதிரைக்கு வருடத்தில் நூறு குட்டிக்கு மேல்கூடப் பிறக்கும். அதனால் அப்பா ஒன்றாக இருந்தால் மட்டும் பந்தய உலகில் சகோதரர் என்று சொல்வதில்லை. தாய் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இது மிகச் சரியான வழக்கமாகப் படுகிறது.

அர்பன் சீயும் லேசுப்பட்டதல்ல. 1993-இல் பாரிஸின் ஆர்க் பந்தயத்தை ஜெயித்த குதிரை. 2009 அக்டோபரில் மகன் சீ தி ஸ்டார்ஸும் அதையே ஜெயித்தது. அந்த வருடம் மார்ச்சிலேயே, கடைசிக் குட்டியை ஈன்றபின், தாய் இறந்துவிட்டிருந்தது.