டோரிக் லென்ஸுக்குப் பணம் கட்டினோம். அப்பா கண்ணில் இருப்பது எது?

கேள்வி: ஐயா, நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ரொம்ப வருடமாக சிலிண்டர் பவர் கண்ணாடி போடுகிறார். வலது கண்ணில் புரை முற்றியதால் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சாதாரண லென்ஸ் என்றால் 44,000 ரூபாய், சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் என்றால் 72,000, அதை வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று அங்கிருந்த கவுன்சிலர் சொன்னார். 72,000 கட்டினோம். ஆபரேஷன் முடிந்து 24 நாள் ஆகிறது. வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பஸ் நம்பர் நிழல் தட்டித் தெரிகிறது, பேப்பரும் படிக்க முடியவில்லை. கண்ணாடிக் கடையில் பார்த்தால் இன்னும் 1.75 சிலிண்டர் இருக்கிறது என்கிறார்கள். மருத்துவமனையில் கேட்டால் "போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள். பில்லில் "கேட்டராக்ட் பேக்கேஜ், லென்ஸ் உட்பட" என்று ஒரே வரிதான் இருக்கிறது. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி, 2 லட்சத்துக்கு எடுத்தது. அதில் 38,000தான் வந்தது. டோரிக் லென்ஸ் பார்வைக் குறைபாட்டுச் செலவு, தர முடியாது என்று கடிதம் வேறு. தம்பி போலீசுக்குப் போகலாம் என்கிறான். இடது கண்ணுக்கும் அங்கேயே தேதி கொடுத்திருக்கிறார்கள். கேஸ் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். நுகர்வோர் வழக்குக்குச் சட்டம் இரண்டு வருடம் தருகிறது. அப்பாவின் கண் அவ்வளவு நாள் காத்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

சிலிண்டர் பவர் என்பது ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் கண்ணின் பவர் வேறுபடுவது. அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் கண்ணுக்குள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உட்கார வேண்டும். உங்கள் அப்பாவின் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டருக்குப் பக்கத்தில் 'ஆக்சிஸ்' என்று ஒரு எண் இருக்குமே, அந்தக் கோணம்தான் விஷயம். லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் அதன் பலனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி திரும்பினால் அத்தனையும் போய்விடும். 28,000 ரூபாய் அதிகம் கொடுத்தும் சிலிண்டர் அப்படியே நிற்கும். லென்ஸ் திரும்புவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் நடக்கும். திரும்பியதை மறுபடி நேராக்கலாம், அது சின்ன ஆபரேஷன்தான். ஆனால் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை இறுகுவதற்கு முன்னால், பொதுவாக முதல் சில வாரங்களுக்குள் செய்துவிட்டால் சுலபம். உங்களுக்கு 24 நாள் ஓடிவிட்டது.

எனவே முதல் வேலை, மருத்துவமனைக்கு ஒரு பக்கக் கடிதம். "டோரிக் லென்ஸ் என்று சொல்லி இந்தத் தேதியில் ஆபரேஷன் செய்தீர்கள். இப்போது 1.75 சிலிண்டர் இருக்கிறது. கண்பாவையை மருந்து விட்டு விரித்து, லென்ஸ் எந்த ஆக்சிஸில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுங்கள்." இவ்வளவு போதும். கோபம், மிரட்டல் எதுவும் வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாளில் பதில் வராவிட்டால், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அப்பாவைக் கூட்டிப்போங்கள். 1819-இல் தொடங்கிய இடம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். நீங்கள் சண்டை போடும் இடத்துக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அங்கே எழுதும் சீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில் தனி மதிப்பு இருக்கும் என்பது என் அனுபவம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டோரிக் லென்ஸின் ஓரத்தில் ஆக்சிஸைக் காட்டச் சிறு புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். சாதாரண லென்ஸில் அவை கிடையாது. கண்பாவையை விரித்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்க்கும் டாக்டருக்கு அது தெரியும். பில் வாயை மூடிக்கொண்டாலும், கேஸ் ஷீட் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவு) காணாமல் போனாலும், உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அப்பாவின் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அதே கடிதத்திலோ தனிக் கடிதத்திலோ கேஸ் ஷீட் நகலும் கேளுங்கள். மருத்துவர்களின் தொழில் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வெறும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது நான்கு காகிதம்: ஆபரேஷனுக்கு முன் கருவிழி வளைவை அளந்த பிரின்ட், லென்ஸ் பவர் கணக்குப் போட்ட தாள், ஆபரேஷன் குறிப்பு, அப்புறம் லென்ஸ் ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் என்றதும், வக்கீலான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் ஞாபகம் வருகிறார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். அவரும் டோரிக்குக்குத்தான் பணம் கட்டியிருந்தார். பாரிமுனையில் என் மேஜை மேல் கேஸ் ஷீட்டைப் பிரித்துவைத்து லென்ஸைத் தேடினோம். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் தீப்பெட்டி லேபிள் அளவில் ஒரு ஸ்டிக்கர், பாதி பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மாடல், சீரியல் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் இருந்தன. பவர் என்ற இடத்தில் +21.5 என்று ஒரே ஒரு எண். டோரிக் என்றால் அதோடு 'சி.ஒய்.எல்.' என்று சிலிண்டருக்கு இன்னொரு எண் இருந்தாக வேண்டும். இல்லை.

மோசடி என்று குதித்தார் அவர். ஆபரேஷன் குறிப்பைப் படித்தோம். புரையை எடுக்கும்போது பின்பக்கப் பை கிழிந்துவிட்டது, அதனால் டோரிக் வைக்காமல் வேறு லென்ஸ் வைத்திருக்கிறார்கள். மருத்துவ ரீதியாக அது சரியான முடிவு. கிழிந்த பையில் டோரிக்கை வைத்தால் அது நிலையாக நிற்காது. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. நோயாளியிடம் சொல்லவில்லை, வித்தியாசப் பணத்தையும் திருப்பித் தரவில்லை. ஒரு நோட்டீஸ்தான் அனுப்பினேன், பணம் வந்துவிட்டது. வழக்கு வரைக்கும் போகவில்லை.

உங்கள் அப்பா விஷயத்திலும் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்பதுதான் வழி காட்டும். டோரிக்கே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கி நிற்கும். ஒன்றைச் சொல்லிக் காசு வாங்கி வேறொன்றை வைத்தது சேவைக் குறைபாடு, அதோடு நேர்மையற்ற வணிக நடைமுறையும்கூட. நிபுணர் சாட்சி வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்பார். எல்லா மருத்துவ வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் வி. கிஷன் ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. ஸ்டிக்கரில் சிலிண்டர் எண் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள யாரும் கண் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

டோரிக்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் திரும்பியிருக்கிறது என்றால் கதை வேறு. லென்ஸ் திரும்புவது தெரிந்த சிக்கல். நல்ல டாக்டர் கையிலும் நடக்கும். அதுவே அலட்சியம் ஆகிவிடாது. நீங்கள் எழுதிக் கேட்ட பிறகும் பார்க்காமல், நேராக்காமல் நாளைக் கடத்தினால் அதுதான் அலட்சியம். இப்போது கொடுக்கப்போகும் கடிதம் இதற்காகவும்தான். லென்ஸ் சரி, கோணமும் சரி, கணக்கும் நியாயமாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் கொஞ்சம் சிலிண்டர் மிஞ்சியிருக்கிறது என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

பேப்பர் படிக்க முடியவில்லை என்பதை மட்டும் புகாரில் சேர்க்காதீர்கள். சாதாரண டோரிக் லென்ஸ் தூரப் பார்வைக்கானது, கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். அதைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் கேலி செய்யும். கவுன்சிலர் என்ன சொன்னார் என்பது முக்கியம்தான். (வார்டு கவுன்சிலர் இல்லை, பேக்கேஜ் விற்க மருத்துவமனை வைத்திருக்கும் ஆள்.) ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம். வாட்ஸ்அப்பில் ரேட் அனுப்பியிருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் 44, 72 என்று எழுதிக் காட்டியிருந்தால், அதைத் தேடி எடுங்கள். அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தையும் பாருங்கள். அவர் தமிழ் மட்டும் படிப்பவராக இருந்து படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், அதைப் படித்துச் சொன்னது யார் என்று எழுதியிருக்கிறதா? சிகிச்சை என்ன, மாற்று என்ன, ஆபத்து என்ன என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் தீர்ப்பு இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் அப்பாவை உட்கார வைத்து வெள்ளை விழியோரம் மையால் குறித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். படுத்தால் கண் கொஞ்சம் சுழலும் என்பதால் உட்கார்ந்த நிலையில் குறிப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டர் படத்தை வைத்துக் கோணம் பார்க்கும் இடங்களில் மை வைக்க மாட்டார்கள். எனவே மை இல்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை. ஆரோக்ய சஞ்சீவனியில் கேட்டராக்ட்டுக்கு ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 2 லட்சத்தில் 25 சதவீதம் 50,000, குறைவானது 40,000. அதில் உங்கள் பங்கு 5 சதவீதம், அதாவது 2,000 கழியும். 38,000 சரியாக வருகிறது. கடிதத்தில் சொல்லியிருப்பது 7.5 டயாப்டருக்குக் (கண் பவரின் அளவு) குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு கிடையாது என்ற விலக்கு. புரைக்காக வைக்கும் லென்ஸுக்கு அது பொருந்தாது என்று நான் வாதாடுவேன். வாசகம் மயக்கமாக இருந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஜெயித்து உங்களுக்கு என்ன கிடைக்கும்? சாதாரண லென்ஸ் பேக்கேஜே 44,000, வரம்பைத் தாண்டிவிட்டது. ஒரு பைசாகூட அதிகமாக வராது. உச்சவரம்பு இல்லாத பாலிசி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதே கடிதம் வந்தால் விடக் கூடாது. முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். பதில் திருப்தியில்லை, அல்லது ஒரு மாதத்தில் பதிலே இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள்: போலீஸ் இப்போது வேண்டாம். டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே லென்ஸை மாற்றி வைத்துப் பணம் பிடுங்கினார்கள் என்று ஸ்டிக்கர் காட்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான 318-ஆம் பிரிவைப் பற்றி அப்போது பேசலாம். ஆள் கூட்டிக்கொண்டு போய் ரிசப்ஷனில் சத்தம் போடுவது மட்டும் கூடவே கூடாது. மருத்துவமனையில் வன்முறையைத் தடுக்க 2008-இலிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. நாற்காலி ஒன்று உடைந்தால் போதும், புகார்தாரர் குற்றவாளி ஆகிவிடுவார்.

கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்றால், அப்போது நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலிருந்து சட்டம். (2024-இல் வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டாக்டர் நண்பர்கள் இன்னும் என்னை முறைக்கிறார்கள்.) நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே தாக்கல் செய்யலாம், எனவே மருத்துவமனை எங்கே இருந்தாலும் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். புகார்தாரர் அப்பாதான், அவர் எழுதிக்கொடுத்தால் அவருக்காக நீங்கள் ஆஜராகலாம். வழக்கை முடிக்கச் சட்டப் புத்தகத்தில் 3 மாதம், சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று போட்டிருக்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும். வித்தியாசத் தொகை 28,000, வட்டி, மறு ஆபரேஷன் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, இவற்றைக் கேளுங்கள். 20 லட்சம் கேட்கச் சொல்லும் ஆட்கள் வருவார்கள், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இடது கண்ணின் தேதியை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வலது கண்ணில் என்ன நடந்தது என்று தெரியாமல் அடுத்ததைக் கொடுக்க வேண்டாம். எங்கே செய்தாலும் சரி, கருவிழி அளவின் பிரின்ட்டை முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடியில் இருக்கும் சிலிண்டர் முழுவதும் கருவிழியிலிருந்து வருவதில்லை. புரை விழுந்த பழைய லென்ஸும் அதில் பங்கு வைத்திருக்கலாம், அதை எடுத்தால் அந்தப் பங்கும் போய்விடும். டோரிக் தேவையா என்பதைக் கருவிழி அளவுதான் சொல்லும். தேவை என்றால் மாடல், சிலிண்டர் பவர், எம்.ஆர்.பி. மூன்றையும் எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். பையில் சிக்கல் வந்து வேறு லென்ஸ் வைத்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் அன்று லென்ஸ் ஸ்டிக்கர் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

எழும்பூருக்குப் போகும்போது அப்பாவின் பழைய கண்ணாடிச் சீட்டுகள் இருந்தால் எடுத்துப்போங்கள். கண்பாவையை விரித்தால் சில மணி நேரம் கூசும். ஒரு கறுப்புக் கண்ணாடியும் கூடவே இருக்கட்டும்.