பாளையம் போய் ஜமீன் வந்தது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

போரும் புரட்சியும் மக்கள் வாழ்க்கையை எப்படி மாற்றுகின்றன என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

மேலூர் வாசகர்: சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் தோற்றபின் நம் ஊர்களில் உண்மையில் என்ன மாறியது? ராஜா போய் வெள்ளைக்காரன் வந்தான் என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லையே?

1801-ஐ மாதம் மாதமாகப் பாருங்கள். ஜூன் 16-இல் வெள்ளையரை எதிர்க்க அழைக்கும் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. ஜூலை 31-இல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆர்க்காட்டு நவாபு தன் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. மறுவருடம் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்படப் பலரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். ஆட்சி கைமாறியது ஜூலைக் கையெழுத்தில். அதை எதிர்க்க ஆளில்லாமல் செய்தது அக்டோபர்.

ஊர் மட்டத்து மாற்றம் அதற்குப் பிறகுதான். முதலில் ஆயுதம் பறிபோனது. கோட்டைகளை இடிக்க உத்தரவு வந்தது. பாளையக்காரர் என்றால் படை வைத்திருப்பவர், காவல் பார்ப்பவர், வரி வாங்குபவர். மூன்றில் முதல் இரண்டையும் பிடுங்கிவிட்டு, மூன்றாவதை மட்டும் 1803-இல் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கையில் கொடுத்தார்கள். இப்படித்தான் பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். சர்க்காருக்கு வருடத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் (கப்பம்) என்று நிரந்தரமாகக் குறித்தாயிற்று. மழை பொய்த்தாலும் தொகை குறையாது. கட்டத் தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். வாரிசுச் சண்டையும் வாள்முனையை விட்டுக் கோர்ட்டுக்குப் போனது. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1863-இல் முதல் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது.

குடியானவனுக்கு? விளைச்சலில் வாரம் கொடுக்கும் கை அதே கைதான். ஆனால் படைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் பாளையக்காரருக்குக் குடிகளின் தயவு வேண்டியிருந்தது. அந்தத் தேவை 1801-உடன் போய்விட்டது. தோல்வியின் பெரிய விலை இதுவென்றே நாங்கள் நினைக்கிறோம். அந்தச் சன்னதைச் செல்லாததாக்கியது 1948-ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டம்.

காவல் முறையின் கதை இன்னும் கசப்பானது. ஊர் காவல் கூலி கொடுக்கும். திருட்டுப் போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும். கம்பெனி அந்த உரிமையை எடுத்துக்கொண்டதே தவிர, அதில் பிழைத்தவர்களுக்கு மாற்று வழி காட்டவில்லை. காவல் ரகசியமாகத் தொடர்ந்தது. சர்க்கார் அதையே குற்றம் என்றது. சில சமூகங்களை முழுதாகவே குற்றவாளிகள் என்று பதிவு செய்த, பின்னால் வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை, ஊரார் சொல்லும் கைரேகைச் சட்டத்தை, எதிர்த்துப் பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானது 1920 ஏப்ரல் 3. இரண்டுக்கும் நடுவே 119 வருடம். 1801-இலிருந்து அங்கே நேர்கோடு போடவேண்டாம். இடையில் போலீஸ் அமைப்பு, பஞ்சம் என்று பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன.

உசிலம்பட்டி கல்லூரி மாணவி: முதல் உலகப்போர்தான் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தது என்கிறார்களே, சரியா?

பாதி சரி. பிரிட்டனில் 1918-இல் ஓட்டு கொடுத்தார்கள், ஆனால் 30 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், அதற்கும் சொத்துத் தகுதி வைத்து. குண்டுத் தொழிற்சாலையில் உழைத்த இளம்பெண்களில் பலர் 1928 வரை காத்திருந்தார்கள். அதே போரில் அதே பக்கம் நின்ற பிரான்ஸில் 1944 வரை பெண்களுக்கு ஓட்டு இல்லை. போர் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டு நாட்டிலும் ஒன்றாக வந்திருக்கவேண்டும். பிரிட்டனில் போருக்குப் பல வருடம் முன்பே பெண்கள் அமைப்பாகத் திரண்டு சிறைக்கும் போயிருந்தார்கள்.

நம் மாகாணத்திலும் இப்படியே. போருக்கு இந்தியச் சிப்பாய்கள் தேவைப்பட்டதால் 1917 ஆகஸ்டில் மாண்டேகு அறிவிப்பு, அதாவது இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்ற வாக்குறுதி, வந்தது. அதன் விளைவு 1919-ஆம் வருட இந்திய அரசுச் சட்டம். பெண்களுக்கு ஓட்டு உண்டா என்பதை அந்தச் சட்டம் மாகாணச் சபைகளிடம் விட்டது. சென்னைச் சபை 1921-இல் முதலாவதாக ஒப்புக்கொண்டது. 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் விடாமல் கேட்டிராவிட்டால் அது நடந்திருக்குமா? சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான் அந்த ஓட்டு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

திருமங்கலம் வாசகர்: ரேஷன் கடை யுத்தத்தால் வந்தது என்பது உண்மையா?

உண்மை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகே பங்கீடு தீவிரமானது. பங்கீட்டுக்கு நான்கு வேலை நடந்தாகவேண்டும்: வீடு வீடாகத் தலை எண்ணி அட்டை கொடுப்பது, விவசாயியிடம் நிர்ணய விலைக்கு நெல் எடுப்பது, கிடங்கில் சேர்ப்பது, கடையில் அளந்து போடுவது. பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதில். கொள்முதல் விலை சந்தை விலைக்கு ரொம்பக் கீழே போனால் நெல் பத்தாயத்தை விட்டு வெளியே வராது. வந்தாலும் கள்ளச்சந்தைக்கே போகும். ராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஆனால் அட்டை, கடை, கொள்முதல் என்ற மூன்றையும் அரசு பழகிவிட்டிருந்தது. 1960-களின் தட்டுப்பாட்டில் அவை திரும்பி வந்தன.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: பிரெஞ்சுப் புரட்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் தராசில் இருக்கிறது சம்பந்தம். புரட்சிக்கு முன் பிரான்ஸில் ஊருக்கு ஒரு அளவு, பிரபுவுக்கு ஒரு மரக்கால். நெல் வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று குடியானவனை ஏய்க்க அது வசதி. 1789-இல் எழுதிய குறை மனுக்களிலேயே ஒரே அளவு வேண்டும் என்று கேட்டார்கள். 1795 ஏப்ரல் 7-இல் சட்டம் வந்தது: வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையிலான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு மீட்டர், ஒரு லிட்டர் தண்ணீரின் எடை கிலோ.

மக்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1812-இல் நெப்போலியனே பழைய பெயர்களைத் திரும்ப அனுமதித்தார். 1840-இல்தான் மீட்டர் முறை கட்டாயமானது. அதே புரட்சி கொண்டுவந்த பத்து மணி நேர நாளும் பத்து நாள் வாரமும் செத்தே போயின. பத்து நாளைக்கு ஒரு ஓய்வு என்றால் உழைப்பவன் எப்படி ஒப்புவான்?

நம்மிடம் 40 பலம் ஒரு வீசை, 16 அணா ஒரு ரூபாய். 1956-இல் எடை அளவுச் சட்டம், 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா. மொத்த வியாபாரத்தில் மல்லிகைக்குக் கிலோ நிலைத்துவிட்டது; கோயில் வாசலில் கட்டிய பூவுக்கு இன்றைக்கும் முழம்தான்.

மதுரை பிளஸ் டூ மாணவர்: ஒரு மாற்றம் போரால்தான் வந்தது என்று புராஜெக்டில் எப்படி நிரூபிப்பது?

தாளில் மூன்று பத்தி போடுங்கள்: போருக்கு முன், போர் நடக்கையில், முடிந்து பத்து வருடம் கழித்து. முதல் பத்தியிலேயே அந்த மாற்றம் தலைகாட்டினால், போர் அதை வேகப்படுத்தியது என்று மட்டும் எழுதுங்கள். மூன்றாவதில் காணாமல் போயிருந்தால் அது தற்காலிக ஏற்பாடு. அடுத்து, அதே போரில் சிக்கிய இன்னொரு ஊரிலும் அது நடந்ததா என்று பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். பின்னால் வந்ததாலேயே முன்னால் நடந்தது காரணமாகிவிடாது.

மதுரைக் கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். பாளையக்காரர் போர் 1801-இல் முடிந்தது. மதில் இடிந்ததோ வெகுகாலம் கழித்து, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில். ஏறக்குறைய நாற்பது வருட இடைவெளி. எதிரி இல்லாததால் மதில் வேண்டாததாயிற்று. ஊர் உள்ளுக்குள் நெருக்கியடித்ததால் அது இடிந்தது. இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு மனை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். கோயிலுக்குக் கிழக்கே நிற்கும் பழைய கோட்டை வாசலான விட்டவாசலில் ஆரம்பித்து வெளி வீதிகளைச் சுற்றி நடந்து, பிளாக்பர்ன் நினைவாக நிற்கும் விளக்குத்தூணில் முடியுங்கள். கையில் ஊர் வரைபடம் ஒன்று இருக்கட்டும். வெயிலுக்கு முன் கிளம்பினால் ஒரே காலையில் முடிந்துவிடும்.